கட்டளை கேள்வி கேட்டு நிற்கிறதா? ரெஜெக்ஸால் கண்டுபிடிக்கும் வழி

லினக்ஸில் ஒரு கட்டளை கொடுக்கிறீர்கள். நாலைந்து வரி ஓடுகிறது, பிறகு அசைவில்லை. திரையின் கடைசியில் இப்படி நிற்கிறது:

120 பழைய கோப்புகள் உள்ளன. அழிக்கவா? [ஆ/இ]

ஆள் முன்னால் இருந்தால் ஒரு விசையைத் தட்டிவிட்டுப் போகலாம். அந்தக் கட்டளையை ஓட்டுவது இன்னொரு ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பாக, இருந்தால்? கேள்வி வந்தது அதற்குத் தெரியாது. வேலை முடியட்டும் என்று ஸ்கிரிப்ட் காத்திருக்கும். பதில் வரட்டும் என்று கட்டளை காத்திருக்கும். விடியும்வரை இப்படியே போகும்.

கல்முனைப் பக்கம் ஒரு சிறிய கணினிக்கூடத்தின் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது என்று சுற்றியுள்ள ஊர்களில் உயர்தரத்தில் ஐ.சி.ரி. படிக்கும் பிள்ளைகள் அங்கே பயிற்சிக்கு வருவார்கள். மேலே கண்ட கேள்வி, மாணவர் கோப்புறைகளைத் துப்புரவாக்கும் எங்கள் ஸ்கிரிப்ட் கேட்பது. மாலையில் கூடத்தைப் பூட்டுபவர்களுக்குத் தமிழ்தான் வசதி என்பதால் அதைத் தமிழில் கேட்க வைத்தோம். இந்தக் கட்டுரைக்கும் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் வடிவங்களை அப்படியே பைதன் என்ற நிரல்மொழியில் ஒட்டி ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆங்கில நிரல்கள் கேட்பவற்றை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். வை, என் என்று கண்டால் விசைப்பலகையின் அந்த இரண்டு எழுத்துகள் என்று கொள்ளுங்கள்.

ரெஜெக்ஸ் என்றால் என்னவென்று இரண்டு வரியில். குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தேடாமல், ஒரு வடிவத்தைத் தேடுவதற்கான குறியீட்டு முறை அது. கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950களில் போட்ட அடித்தளம். கென் தாம்சன் 1968இல் அதை உரை தேடும் வழிமுறையாக எழுதி வெளியிட்டார். இன்று ஏறக்குறைய எல்லா நிரல்மொழியிலும் அது உண்டு.

தொடங்குமுன் ஒரு விஷயம். ரெஜெக்ஸ் தேவைப்படாத இடங்கள்தான் அதிகம். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் சிறிய வை எழுத்தும் சேர்த்தால் வழக்கமான கேள்வியைக் கேட்காமலே அது வேலையைச் செய்யும். பல கட்டளைகளுக்கு இப்படி ஒரு தெரிவு இருக்கிறது. கையேட்டுப் பக்கத்தை ஐந்து நிமிடம் வாசித்தால் ஐம்பது வரி நிரல் மிச்சம். யுனிக்ஸில் ‘யெஸ்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. வை என்ற எழுத்தை வரிவரியாக முடிவில்லாமல் கக்கிக்கொண்டே இருக்கும். அதன் வெளியீட்டை இன்னொரு கட்டளைக்குள் செலுத்தினால் எல்லாக் கேள்விக்கும் ஆம்தான், கேள்வி என்னவாக இருந்தாலும். அதில் உள்ள ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை. தெரிவு எதுவும் தராத பழைய நிறுவிகள், வேறு யாரோ எழுதிய ஸ்கிரிப்டுகள், என்ன கட்டளை ஓடும் என்று முன்கூட்டியே தெரியாத தானியங்கிக் கருவிகள் ஆகியவற்றில்தான் கேள்வியைக் கண்டுபிடிக்கும் தேவை உண்மையில் வருகிறது.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு மாணவன் கேட்டான்: “சேர், கடைசியில கேள்விக்குறி வந்தா அது கேள்விதானே? அதை மட்டும் தேடினாப் போதாதா?” நல்ல கேள்வி, ஆனால் இரண்டு பக்கமும் ஓட்டை. ஃபெடோரா என்ற லினக்ஸில் மென்பொருள் நிறுவும் டிஎன்எஃப் கட்டளை ‘இஸ் திஸ் ஓகே [வை/என்]:’ என்று கேட்கும். முடிவில் முக்காற்புள்ளி, கேள்விக்குறியே இல்லை. மறுபக்கம், ஒரு பாடக்குறிப்பைத் திரையில் ஓடவிட்டால் நூறு கேள்விக்குறி வரும். ஒன்றும் நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

அப்படியானால் கேள்வியைக் கேள்வியாக்குவது எது? கல்முனைச் சந்தையில் மீன்காரர் விலையைக் கூவிக்கொண்டே போவார். அதே விலையை உங்களிடம் சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்து நிற்கவும் செய்வார். சொல் ஒன்றுதான், அந்த நிற்பில்தான் கேள்வி இருக்கிறது. கட்டளையும் அப்படியே. சாதாரணமாக ஒரு நிரல் எதையாவது அச்சிட்டால் வரிமுடிவுக் குறியோடு அச்சிடும், கர்சர் அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் கேட்கும்போது மட்டும் வரியை முடிக்காமல் விடும், நீங்கள் தட்டுவது அதே வரியில் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆகவே நாம் தேடுவது இதுதான்: இதுவரை வந்த வெளியீட்டின் கடைசி நுனியில், வரி முடியாமல் தொங்கும் ஒரு துண்டு, அதில் ஆம்-இல்லை என்ற தெரிவின் அடையாளம். பலரும் அடையாளத்தை மட்டும் பார்த்து இடத்தை விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் தொல்லையெல்லாம் அங்கிருந்துதான்.

வரியாக வரியாக வாசிக்கும் நிரல் இந்தக் கேள்வியை ஒருபோதும் காணாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரிமுடிவு வரட்டும் என்று அது இருக்கும், வரிமுடிவோ பதில் தட்டிய பிறகுதான் வரும். வந்த எழுத்துகளை வந்த அளவில் வாசிக்க வேண்டும்.

இனி வடிவத்தைக் கட்டுவோம். முதலில் எல்லாருக்கும் தோன்றுவது:

[ஆ/இ]

திரையில் கண்டதை அப்படியே எழுதியாயிற்று. ஓடவிட்டால் கண்ட இடமெல்லாம் பொருந்துகிறது! ரெஜெக்ஸில் சதுர அடைப்புக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு: உள்ளே இருக்கும் எழுத்துகளில் ஏதாவது ஒன்று. அதாவது ஆ, அல்லது சாய்வுக்கோடு, அல்லது இ. லினக்ஸில் எந்தக் கோப்பின் பாதையிலும் சாய்வுக்கோடு இருக்கும். ‘/மாணவர்/பாண்டிருப்பு’ என்ற ஒரு வரி வந்தாலே கேள்வி வந்துவிட்டது என்று ஸ்கிரிப்ட் துள்ளும். அடைப்புக்குறியை அடைப்புக்குறியாகவே தேட வேண்டுமானால் முன்னால் பின்சாய்வுக்கோடு போடுங்கள்:

\[ஆ/இ\]

சிலர் வளைவடைப்பு போடுவார்கள், சிலர் இடைவெளி விட்டு எழுதுவார்கள். இரண்டையும் ஏற்க:

[\[(] *ஆ */ *இ *[\])]

தொடக்கத்தில் உள்ள சதுர அடைப்புக்குள் இரண்டு வகைத் திறப்பு அடைப்பும் இருக்கின்றன. ஏதாவது ஒன்று வந்தால் போதும். இடைவெளிக்குப் பின்னால் நட்சத்திரம் என்றால் ‘இடைவெளி எத்தனையும் வரலாம், வராமலும் இருக்கலாம்’.

அடுத்து, ‘ஆ’ என்பதற்குப் பதில் ‘ஆம்’ என்று முழுச்சொல் எழுதியவர்களையும் சேர்ப்போம். கேள்விக்குறி என்றால் ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை நம்பி இப்படி எழுதினால்:

ஆம்?

இது ‘ஆ’ என்பதோடு பொருந்தாது. காரணம் தமிழ் எழுத்து கணினிக்குள் சேமிக்கப்படும் முறை. நம் கண்ணுக்கு ‘ம்’ ஓரெழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோடு முறையில் அது இரண்டு குறி: மகரம் ஒன்று, புள்ளி ஒன்று. கேள்விக்குறி தனக்கு முன்னால் இருக்கும் ஒரேயொரு குறியைத்தான், அதாவது புள்ளியை மட்டும்தான், விருப்பமாக்கும். ஆகவே மேலே உள்ள வடிவம் ‘ஆம்’, ‘ஆம’ என்ற இரண்டோடு மட்டும் பொருந்தும். சரியானது, வளைவடைப்பால் கட்டி ஒன்றாக்குவது:

ஆ(ம்)?

அதேபோல இ(ல்லை)? என்று எழுதலாம். ‘இல்லை’ நம் கணக்கில் மூன்று எழுத்து, யுனிகோடில் ஐந்து குறி. ரெஜெக்ஸில் ஒரு முற்றுப்புள்ளி என்றால் ஏதாவது ஒரு குறி; மூன்று முற்றுப்புள்ளி வைத்து மூன்று எழுத்தைப் பிடிக்கப் போனால் ‘இல்’ வரைதான் வரும். இன்னொரு பொறி: பைதனோடு வரும் ரெஜெக்ஸ் நூலகத்தில் ‘சொல் எழுத்து’ என்று ஒரு சுருக்கக்குறி இருக்கிறது. மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது சொல் எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை. ‘இல்லை’ என்ற சொல்லைக் கொடுத்தால் ‘இல’ என்பதோடு நின்றுவிடும். தமிழ்ச் சொற்களுக்கு அந்தச் சுருக்கக்குறியை நம்பாமல், வேண்டிய சொற்களை நேரடியாக எழுதிவிடுவது நல்லது. ‘தொடரவா’ என்பதில் உள்ள ‘தொ’ போன்றவற்றிலும் கவனம் தேவை. ஒகரக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது, ரெஜெக்ஸுக்கு இரண்டும் வேறு. ஒப்பிடுமுன் வெளியீட்டையும் வடிவத்தையும் என்எஃப்சி என்ற ஒரே ஒழுங்குக்கு மாற்றிவிட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

இனி இடம். கேள்வி நுனியில் இருக்க வேண்டும் என்பதற்கு டாலர் குறி:

[\[(] *ஆ(ம்)? */ *இ(ல்லை)? *[\])][ ?:]*$

கடைசி அடைப்புக்குப் பிறகு இடைவெளி, கேள்விக்குறி, முக்காற்புள்ளி எது வந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பின் எதுவும் இருக்கக்கூடாது. பைதனில் ஒரு நுணுக்கம்: டாலர் குறி உரையின் முடிவோடு மட்டுமல்லாமல், கடைசி வரிமுடிவுக்குச் சற்று முன்னாலும் பொருந்தும். ‘பதில் [ஆ/இ]’ என்று ஒரு பதிவுக்கோப்பின் வரி முழுசாக முடிந்து நின்றாலும் நம் வடிவம் ஏமாந்துவிடும். வரி முடிந்ததா முடியவில்லையா என்பதுதானே நமக்கு முழுக்கதையும்! அதனால் டாலருக்குப் பதிலாகப் பின்சாய்வுக்கோடும் பெரிய இசட் எழுத்தும் போடுங்கள். பைதனில் அது உண்மையான முடிவோடு மட்டும் பொருந்தும்.

தமிழ் ஸ்கிரிப்டுக்கு இவ்வளவு போதும். ஆங்கில நிரல்களின் உலகம் கொஞ்சம் காடு. ஆப்ட் சதுர அடைப்பில் வை/என் என்று கேட்கும்; பைதன் நூலகங்களை நிறுவி நீக்கும் பிப், ஒன்றை நீக்கும்போது வளைவடைப்பில் கேட்கும். கோப்பு அழிக்கும் ஆர்எம் கட்டளையை ‘கேட்டுவிட்டு அழி’ என்ற தெரிவோடு ஓட்டினால் தெரிவு எதையும் காட்டாமல் கோப்பின் பெயருக்குப் பின் வெறும் கேள்விக்குறியோடு நிற்கும். வட்டு சரிபார்க்கும் கட்டளை கோண அடைப்பில் எழுத்தைப் போடும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், அவற்றைத் துண்டுதுண்டாகச் சேர்க்கும்போது காற்புள்ளி இட்டு ஏழெட்டு எழுத்துகளை வரிசையாக நீட்டும். தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், புதிய சேர்வரோடு இணையும்போது ‘யெஸ்’ என்ற முழுச்சொல்லை எதிர்பார்க்கும். வை என்று மட்டும் தட்டினால் முழுசாக எழுதச் சொல்லித் திரும்பக் கேட்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குள் அடக்கப் பார்க்காதீர்கள். வாசிக்க முடியாத ஒரு முடிச்சு மிஞ்சும். சிறிய வடிவங்கள் பத்தை ஒரு பட்டியலாக வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே என் வழி. எது பொருந்தியது என்று பெயர் சொல்லவும் முடியும். நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம் வைப்பதையும் தவிருங்கள். 2019 யூலை 2ஆம் திகதி இணையத்தளங்களுக்குப் பாதுகாப்பு வழங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலையமைப்பு 27 நிமிடம் முடங்கியது, உலகெங்கும் ஏராளமான தளங்கள் திறக்கவில்லை. காரணம், பாதுகாப்பு விதி ஒன்றில் இருந்த ஒரு ரெஜெக்ஸ் பின்வாங்கிப் பின்வாங்கி முயன்று செயலியை முழுதாக விழுங்கியதுதான்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயம் பலர் கவனிக்காதது. ஆப்ட் காட்டும் தெரிவில் வை பெரிதாகவும் என் சிறிதாகவும் இருக்கும். எதுவும் தட்டாமல் என்டரை அழுத்தினால் பெரிய எழுத்தில் உள்ளதே பதில் என்பது அதன் பொருள். டிஎன்எஃப்பில் என் பெரிது. என்டர் தட்டினால் இல்லை. ‘எழுத்தளவு பாராதே’ என்று ரெஜெக்ஸுக்குச் சொல்லிவிட்டால் கேள்வி அகப்படும், இந்தத் தகவல் தொலைந்துவிடும். கேள்வியைப் பிடித்த பிறகு அந்தத் துண்டைத் தனியே எடுத்து எது பெரிது என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால் எங்கள் ஸ்கிரிப்டில் ‘என்டர் = இல்லை’ என்று கேள்விக்கு முந்திய வரியில் எழுதியே காட்டுகிறோம்.

வடிவம் சரியாக இருந்தும் எதுவும் பொருந்தவில்லையென்றால் குற்றம் பெரும்பாலும் குழாயில். ஒரு நிரலின் வெளியீட்டைத் திரைக்கு விடாமல் இன்னொரு நிரலுக்குள் செலுத்தும் இணைப்பே குழாய். அதன் வழியாக வாங்கினால், பல நிரல்கள் எழுத்துகளை உடனே அனுப்பாமல் உள்ளே சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும். கேள்வி அங்கேயே தேங்கிக் கிடக்கும். சில நிரல்கள் எதிரே முனையம், அதாவது ஆள் தட்டும் திரை, இல்லையென்று கண்டால் கேள்வியே கேட்பதில்லை. கடவுச்சொல் கேட்கும் சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டுவது), எஸ்எஸ்எச் போன்றவை குழாயைச் சுற்றிக்கொண்டு நேரே முனையத்தில் எழுதும். இதற்குத் தீர்வு போலி முனையம்: நிரலுக்குத் தான் உண்மையான திரையில் ஓடுவதாகத் தோன்றும். 1990இல் வந்த எக்ஸ்பெக்ட் என்ற கருவி இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. பைதனில் அதே வழியில் பீஎக்ஸ்பெக்ட் என்ற நூலகம் இருக்கிறது.

போலி முனையம் வந்தால் நிறங்களும் வரும். கேள்வியை மஞ்சளில் காட்ட நிரல் அனுப்பும் மறைகுறிகள் நம் எழுத்துகளுக்கு நடுவே நுழைந்து பொருத்தத்தைக் கெடுக்கும். 27ஆம் எண் கொண்ட எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்பு, சில இலக்கங்கள், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து என்பதே அவற்றின் வழக்கமான அமைப்பு. முதலில் இவற்றைத் துடைத்துவிட்டுப் பிறகு தேடுங்கள்.

வெளியீடு துண்டுதுண்டாக வரும் என்பதால் ‘[ஆ’ ஒரு துண்டிலும் ‘/இ]’ அடுத்ததிலும் வரலாம். கடைசிச் சில நூறு எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்த பிறகு முழுவதையும் ஒப்பிடுங்கள். இதில் ஒரு நேரச் சிக்கலும் உண்டு. ‘முடிவு’ என்று ரெஜெக்ஸ் சொல்வது இதுவரை வந்ததன் முடிவைத்தான். ஒரு நீண்ட வரியின் பாதி வந்த கணத்தில் அந்தப் பாதி கேள்வி போலவே தெரியலாம். அதனால் பொருந்தியதும் உடனே பாயாமல் சற்றுப் பொறுங்கள்; அரை வினாடியில் தொடங்கிப் பார்க்கலாம். வேறெதுவும் வரவில்லையென்றால் அது நிற்கிறது. தொலைவில் உள்ள சேர்வராக இருந்தால் பொறுமையைக் கூட்டுங்கள்.

மறுகா என்ன, ஆம் என்று அனுப்பிவிடலாமா? கேள்வியைக் கண்டுபிடிப்பதும் பதில் சொல்வதும் ஒரே நிரலின் ஒரே வரியில் இருக்கவே கூடாது என்பது என் கட்சி. ஆப்டில் ஒரு கேள்வி இருந்தது. இயங்குதளத்துக்கு உயிரான மென்பொருள் பொதியை நீக்கப் போகும்போது வை என்பதை ஏற்காமல், ‘யெஸ், டூ அஸ் ஐ சே!’ என்று வியப்புக்குறி உட்பட முழு வாக்கியத்தையும் எழுதச் சொல்லும். கை பழக்கத்தில் தட்டிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே நீளமாக வைத்தது. 2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போய் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தார். திரை முகப்பு முழுதும் நீங்கிப்போனது. வாசிக்கத் தெரிந்த மனிதரே அப்படிச் செய்தால், வாசிக்காமல் ஆம் சொல்லும் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? எங்கள் கூடத்தில், முன்பே பார்த்து அனுமதித்த கேள்விகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. கேள்வியின் வாசகம் அதில் இருந்தால் மட்டும் ஸ்கிரிப்ட் பதில் அனுப்பும். மற்றவற்றுக்குக் கட்டளையை அப்படியே நிறுத்திவைத்து, திரையின் கடைசி இருபது வரியோடு எனக்கு ஒரு செய்தி வரும். கடவுச்சொல் கேள்வி வந்தால் எதுவும் அனுப்பாது.

மொழி மாறினால் கேள்வியும் மாறும். ஜெர்மன் மொழி அமைப்பில் ஆப்டின் வை இருக்குமிடத்தில் ஜே வரும், பிரெஞ்சில் ஓ வரும். ஸ்கிரிப்ட் ஓட்டும் கட்டளைகளுக்கு மட்டும் நிரல்கள் தங்கள் மொழியைத் தெரிந்துகொள்ளப் பார்க்கும் எல்சி_ஆல் என்ற சூழல் மாறியில் சி என்று போட்டுவிட்டால் பெரும்பாலான நிரல்கள் ஆங்கிலத்திலேயே பேசும்.

பதிலைப் புரிந்துகொள்ளும் பக்கத்திலும் ரெஜெக்ஸ்தான் இருக்கிறது. ஒவ்வொரு மொழி அமைப்புக்குள்ளும் ‘ஆம் என்றால் எப்படித் தொடங்கும்’ என்று ஒரு வடிவம் எழுதிவைத்திருப்பார்கள்; ‘லொக்கேல்’ கட்டளையிடம் ‘யெஸ்எக்ஸ்பிஆர்’ என்று கேட்டால் உங்கள் இயந்திரத்தில் உள்ளதைக் காட்டும். ஆங்கிலத்தில் அது முதலெழுத்தை மட்டுமே பார்க்கும். கோப்பை அழிக்கவா என்று ஆர்எம் கேட்கும்போது மஞ்சள் நிறத்துக்கான ஆங்கிலச் சொல்லை எழுதினாலும் அது ஆம்தான். இதைப் பார்த்துத் தமிழ் ஸ்கிரிப்டுக்கும் ^ *ஆ என்று முதலெழுத்து வடிவம் எழுதத் தோன்றும் (முதலில் உள்ள கூரைக்குறி என்றால் ‘தொடக்கம்’). எழுதாதீர்கள். ‘அழிக்கவா?’ என்றதற்கு ஒருவர் ‘ஆகாது’ என்று தட்டினாலும் அது பொருந்தி, கோப்புகள் போய்விடும். முடிவையும் கட்டிவிட்டு,

^ *ஆ(ம்|மா|மாம்)? *$

என்று எழுதினால் (நிமிர்ந்த கோடு என்றால் ‘அல்லது’) ஆ, ஆம், ஆமா, ஆமாம் நான்கும் செல்லும், ஆகாது செல்லாது. ‘ஓம்’ என்று தட்டுபவர்களும் நம் பக்கம் நிறையப் பேர், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

^ *(ஆ(ம்|மா|மாம்)?|ஓம்) *$